கமென்ட் இல்லாத ஓகே

கண்ணுகளா, போன வாரம் நீங்கள் இருவரும் போனில் அந்த வேகப் பேச்சுப் பாட்டைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தபோது, "நானும் இது மாதிரி ஒரு குரூப்பில் பாடியிருக்கிறேன்" என்று சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "நெசந்தான், கேசட்டே வந்துச்சு" என்று அம்மா சொன்ன பிறகுதான் சிரிப்பு நின்றது. சின்னவன் உடனே கேட்டான்: "அப்ப ரெண்டாவது ஆல்பம் எங்கப்பா?"

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். உங்கள் மேல் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. ஒரு மனிதர் மேல் கோபம். இத்தனை வருடம் கழித்தும் அவரை நினைத்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. அதே சமயம், அவரைப் பற்றி வேறு யாராவது தப்பாக ஒரு வார்த்தை சொன்னால் சண்டைக்குப் போவேன். வாயால் சொன்னால் கோபத்தில் கொட்டிவிடுவேன் என்று எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். முன்னே பின்னே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் வேண்டாம். நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். அப்போது நான் திருப்பூரில் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லராக இருந்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவர் சாம்பிள் செக்‌ஷனில் இருந்தார். சாம்பிள் என்றால் உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். வெளிநாட்டு பையர் ஆர்டர் கொடுத்தால் உடனே துணியை வெட்டித் தைத்துவிட மாட்டார்கள். முதலில் ஒரே ஒரு பீஸ் தைத்து விமானத்தில் அனுப்புவார்கள். பையர் அதைப் பிரித்துப் பார்த்து, கழுத்தைக் கொஞ்சம் இறக்கு, கலரைக் கொஞ்சம் ஏற்று என்று சொல்லி அனுப்புவார். அதற்குப் பெயர் கமென்ட். அதன்படி திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். கடைசியில் ஓகே என்று வந்தால் அதுதான் அப்ரூவல். அது வரும்வரை கட்டிங் டேபிளில் ஒருவரும் கத்தரியைத் தொடக் கூடாது.

இது கம்பெனியில் எல்லோரும் செய்கிற வேலைதான். வேலை முடிந்தால் நாங்கள் அதைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வருவோம். அண்ணன் ஊட்டுக்கும் கொண்டு போவார்.

நல்லூரில் அவர் குடியிருந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டி வந்தது. முன்சுவரில் மஞ்சள், இளம்பச்சை, ரோஸ் என்று பட்டை பட்டையாக அடித்துவிட்டு, தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டார். பால்காரர் பச்சை என்றார். எதிர்வீட்டு அக்கா மஞ்சள் என்றார். பொங்கல் வந்து, போய், அடுத்த பொங்கலும் வந்தது. சுவர் பட்டை பட்டையாகவே நின்றது. அவர் மனைவி எங்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டே ஒருநாள் சொன்னார்: "இந்த மனுசன் என்ற கழுத்துல தாலி கட்டறப்பவே ரெண்டு முடிச்சுப் போட்டுட்டு, மூணாவது போடட்டுங்களான்னு எங்கப்பன் மூஞ்சியப் பாத்தாருங்க."

அண்ணனும் சேர்ந்து சிரித்தார். சிரித்துவிட்டு, "காப்பி சக்கரை சரியா இருக்குதுங்களா தம்பி? சொல்லுங்க, மாத்திக்கலாம்" என்றார்.

இப்படிப்பட்டவர் எப்படி ராப் எழுதினார் என்று கேட்பீர்கள். எழுதினார், அதுதான் விஷயம். அப்போது சினிமாவில் அந்த மாதிரி பேச்சுப் பாட்டு வந்து எல்லா பனியன் கம்பெனியிலும் ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுப் பாட்டுக் கோஷ்டிகளின் படம் போட்ட கறுப்பு டீ-ஷர்ட்டுகளை நாங்களே தைத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். அதைப் பார்த்துப் பார்த்து அண்ணன் எழுத ஆரம்பித்தார். மெஷின் ஓடுகிற சத்தத்துக்குப் பொருந்துகிற மாதிரி எழுதுவார்.

*நூலு அறுந்தா முடிச்சுப் போடு, ஊசி ஒடைஞ்சா மாத்து,*
*ஓட்டி ஓட்டி முதுகு போச்சு ஓனர் மூஞ்சியப் பாத்து!*

இதை நாங்கள் நாலு பேரும் கம்பெனி ஆயுத பூஜையில் முதன்முதலாகப் பாடினோம். அண்ணனும் நானும் தவிர, பிரிண்டிங் செக்‌ஷனில் இருந்த சலீம். வாயாலேயே தாளம் போடுவான், கேட்டால் உண்மையான டிரம் என்றே நினைப்பீர்கள். அப்புறம் அயர்னிங்கில் இருந்த பாண்டி, மதுரைப் பக்கத்துப் பையன். குரல் தூக்கினால் பக்கத்து கம்பெனியில் கேட்கும். ஓனரே கைதட்டிவிட்டார். பூஜைக்கு மைக் செட் போட வந்திருந்த அவிநாசிக்காரர் ஒரு ரெக்கார்டிங் ரூம் வைத்திருந்தார். "நாளைக்கு மத்தியானம் ரூம் சும்மாதான் கெடக்குது, சாயங்காலம் கல்யாண வேலை இருக்குது. அதுக்குள்ள பாடிட்டுப் போறதுன்னா வாங்க" என்றார்.

போனோம், பாடினோம், முடிந்தது. பாட்டு நடுவில் சலீமுக்கு விக்கல் வந்தது. அதுவும் பதிவாகியிருந்தது. யாரிடமும் கேட்க நேரம் இல்லாததால் வந்த கேசட் அது. 'டபுள் ஷிப்ட்' என்று பெயர் வைத்தோம். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைகளில் எல்லாம் வைத்து விற்றார்கள். செக்கிங் பெண்கள் என்னைப் பார்த்தால் "ஏனுங், முதுகு போச்சுங்களா?" என்று கிண்டல் செய்வார்கள். அந்தக் கேசட்டில் நான் தனியாக ஒரு வரிகூடப் பாடவில்லை. "ஹோய்" போடுவது மட்டும்தான் என் வேலை. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த வருடம் இரண்டாவது கேசட்டுக்கு எழுதியபோது எனக்கு ஒரு பாட்டு முழுசாகக் கிடைத்தது. எனக்கென்றே எழுதியதாக அண்ணன் சொன்னார். ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஊருக்குப் போகிற பஸ்ஸை நினைத்துக்கொண்டிருக்கிற ஒருவனின் பாட்டு. நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதைப் பாடும்போது நான் வேறு ஆளாக இருந்தேன். கோயமுத்தூர் கேசட் கம்பெனிக்காரர் ஒருவர் முன்வந்தார். தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஜனங்கள் ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் கடையில் இருக்க வேண்டும், அதற்குத் தகுந்த மாதிரி கொடுத்துவிடுங்கள் என்று நாளும் குறித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவிநாசியில் எல்லாப் பாட்டையும் பாடி முடித்தோம். வெளியே நல்ல மழை. நாலு பேருக்கும் அன்றைக்கு என்னவோ பிடித்துக்கொண்டது போல ஆகிவிட்டது. அதில், நொய்யல் ஆற்றில் சாயத் தண்ணீர் நாளொரு கலராக ஓடுவதைப் பற்றி ஒரு பாட்டு.

*பச்சையாகப் போன தண்ணி செவப்பா வருது மாமா,*
*நாளைக்கென்ன கலருன்னு நாலு பேரக் கேப்போமா?*

ரெக்கார்டிங்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அப்பா சாமி, இத இப்படியே கொண்டு போயிக் குடுத்துருங்க" என்றார். பாண்டி என்னைக் கட்டிப்பிடித்தான்.

அண்ணன் கேசட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "ரொம்ப நல்லா வந்துருக்குதுங்க. சாம்பிள் ரெடி. அப்ரூவல் வாங்கிப் போடலாம்."

வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்தோம்.

அடுத்த வாரம் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். டீக்கடைக்காரர் கேட்டார். சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி என்றார். செக்கிங் சூப்பர்வைசர் அம்மா, சர்ச்சுக்குத் தவறாமல் போகிறவர், ஒரு பாட்டில் வரும் திட்டு வார்த்தை வேண்டாமே என்றார். பேங்க்கில் வேலை செய்யும் ஒருவர் வேகத்தைக் குறைத்தால் புரியும் என்றார். காலேஜில் படிக்கிற ஒருவர் வேகத்தைக் கூட்டினால்தான் ராப் என்றார். அண்ணன் எல்லோரிடமும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு எங்களிடம் வருவார்.

"கமென்ட் வந்துருக்குதுங்க."

வேகத்தைக் குறைத்து ஒன்று, கூட்டி ஒன்று என்று இரண்டும் பாடினோம். அதைக் கொண்டு போய் இருவரிடமும் காட்டினார். இரண்டு பேருக்கும் அடுத்தவர் சொன்னது பிடித்திருந்தது.

என் பாட்டுக்கும் கமென்ட் வந்தது. குரல் கரகரவென்று இருக்கிறதாம். "தம்பி, தப்பா நெனைக்கக் கூடாது. அந்தக் கரகரப்பச் சித்தக் கொறைச்சுக்கலாமுங்களா?" என்றார்.

"அது என்ற தொண்டைங்கண்ணா."

"தெரியுமுங்க. சுடுதண்ணி குடிச்சுப் பாருங்க."

குடித்தேன். பனங்கற்கண்டு மென்றேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய் அந்த ஒரே பாட்டைப் பாடினேன். முதல் தடவை பாடும்போது அந்த பஸ் என் கண்ணுக்குத் தெரிந்தது. அப்புறம் தொண்டை மட்டும்தான் தெரிந்தது.

நொய்யல் பாட்டை ஒரு சாயப்பட்டறை மேனேஜரிடம் போட்டுக் காட்டியிருக்கிறார். சாயத் தண்ணிப் பாட்டைச் சாயப்பட்டறையிலேயே கொண்டு போய் ஓகே கேட்கிற ஆள் இந்த உலகத்தில் இவர் ஒருவர்தான் இருப்பார். "தண்ணியப் பத்திப் பேச வேண்டாமுங்க, துணியப் பத்திப் பாடுங்க" என்று அவர் சொல்லிவிட்டார். அந்த வரி, 'வானவில்லு போல மின்னும் வண்ணத் துணி மாமா' என்று ஆனது.

அன்றைக்குத்தான் சலீம் கத்தினான். "அண்ணா, இது பாட்டுங்களா, பனியனுங்களா? கழுத்தெறக்கு, கையக் கொறைன்னு!"

"கோவிச்சுக்காதீங்க சலீம். நாலு பேரு கேக்கறதுதானுங்களே பாட்டு? அந்த நாலு பேர நாம கேக்க வேண்டாமுங்களா?"

"சரிங்க, அந்த மொத ஞாயித்துக்கிழமை பாடுனது எங்கீங்க? அதையாவது ஒருக்கா போடுங்க, கேக்கலாம்."

அண்ணன் கொஞ்சம் தயங்கினார். "அது மேலதானுங்களே புதுசு பதிஞ்சிருக்குது. பழைய சாம்பிள வெச்சிருந்தா புதுசோட கலந்து குழப்பமாயிருமுங்க."

கம்பெனியில் அதுதான் வழக்கம். ரிஜெக்ட் ஆன பீஸைக் குறுக்கே வெட்டித்தான் போடுவார்கள், தவறிப்போய் நல்ல பீஸோடு சேர்ந்துவிடக் கூடாது என்று. அண்ணன் எங்கள் ஞாயிற்றுக்கிழமையையும் அப்படியே வெட்டிப் போட்டிருந்தார். பாண்டி தரையில் உட்கார்ந்துவிட்டான். "எண்ணே, அதுதாண்ணே பாட்டு" என்றான்.

அப்புறமும் நாங்கள் ஏன் அவரோடு போனோம்? அவரோடு சண்டை போட முடியாது, அதனால்தான். கத்தினால் "நீங்க சொல்றதும் ஒரு கமென்ட்டுதானுங்க" என்று மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். அடிக்கிற கையைப் பிடித்து, வலிக்குதுங்களா தம்பி என்று கேட்கிற மனிதரை என்ன செய்வது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் அம்மா என்னை விட மாட்டாள். அம்மாவை நான் பெண் பார்க்கப் போனபோது எங்கள் பக்கத்துப் பெரியவராக அண்ணனும் வந்திருந்தார். தட்டு மாற்றுவது வரை பேசி முடித்துவிட்டார்கள். எல்லோரும் எழுந்திருக்கிற நேரத்தில் அண்ணன் மட்டும் சமையல்கட்டு வாசல் வரை போய் நின்று, "ஏனுங்க அம்மிணி, உங்களுக்குச் சம்மதந்தானுங்களா? இல்லீன்னாலும் சொல்லுங்க, ஒன்னும் கெட்டுப் போகாது" என்று கேட்டார். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அம்மா உள்ளே இருந்து, "யோசிச்சு நாளைக்குச் சொல்றனுங்க" என்றாள். மறுநாள்தான் சரி என்று சொல்லி அனுப்பினாள். அந்த ஒரு ராத்திரி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "அந்த ஊட்ல என்னையக் கேட்ட ஒரே ஆளு அவருதான்" என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவாள். அவள் முன்னால் நான் அண்ணனைத் திட்ட முடியாததற்குக் காரணம் இதுதான். எனக்கு வாழ்க்கையைக் கேட்டு வாங்கிக் கொடுத்ததும் அந்தக் குணம்தான், என் பாட்டை அழித்ததும் அதே குணம்தான். இதை நான் எங்கே கொண்டு போய்ச் சொல்ல?

கேசட் கம்பெனிக்காரர் குறித்த நாளுக்கு முதல்நாள் அண்ணன் சொன்னார்: "கடைசியா ஒரே ஒரு அப்ரூவல் பாக்கிங்க. எம்பட மாமனாரு." அவர் மாமனார் கொமரலிங்கத்தில் விவசாயி. முதல் கேசட்டைப் போட்டுக் காட்டியபோது பாதியில் எழுந்து வாய்க்காலுக்குப் போய்விட்டாராம், ஒரு வார்த்தையும் சொல்லாமல். அது அண்ணன் மனதில் முள்ளாக இருந்திருக்கிறது. இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கே பாவமாகிவிட்டது. சரி, இதோடு முடிகிறது என்று நாலு பேரும் பஸ் ஏறினோம்.

அமராவதிப் பாசனத்தில் நெல் பச்சைப் பசேலென்று நின்றது. மாமனார் எங்களைக் கட்டிலில் உட்கார வைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். டேப்பைப் போட்டோம். இந்தத் தடவை அவர் எழுந்து போகவில்லை. ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார். கேசட்டைத் திருப்பிப் போட்டதும் அதையும் கேட்டார். என் பாட்டு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். நான் இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தேன். எல்லாம் முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நல்லா இருக்குதுங்க மாப்பிள்ளை. இதுல மாத்தறக்கு ஒன்னுமில்லை. இப்படியே போட்டுருங்க சாமி."

சலீம் பாண்டியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். நான் ஒரே மூச்சில் இளநீரைக் குடித்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் நானும் பாண்டியும் அட்டையில் யார் படம் முன்னால் வருவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கேசட் இருந்த பை மடியில் இருந்தது. உடுமலை நெருங்கும்போது திரும்பினார்.

"தம்பி, ஒன்னு கவனிச்சீங்களா? மாமா ஒரு கமென்ட்கூடச் சொல்லலீங்க."

"அதான் ஓகே சொல்லிட்டாருங்களே அண்ணா" என்றேன்.

"அதைத்தானுங்க நானும் நெனைக்கறேன். கமென்ட் இல்லாம ஓகே வந்துச்சுன்னா, பையர் பீஸைப் பிரிச்சே பாக்கலீன்னு அர்த்தமுங்க. மருமகன்னு மரியாதைக்குச் சொல்லிட்டாரு. ஒரு வாரம் குடுத்தா நான் எல்லாத்தையும்..."

சலீம் எழுந்துவிட்டான். பஸ் உடுமலை ஸ்டாண்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. "அண்ணா, மேல இருக்கறவன்கிட்டயும் ஒரு சாம்பிள் அனுப்பிச்சு ஓகே வாங்கிக்கங்க. நான் போறனுங்க" என்று சொல்லிவிட்டு, பஸ் நிற்பதற்குள் குதித்தான். திருப்பூருக்கு வேறு பஸ்ஸில் போய்விட்டான்.

"கேசட்டக் குடுங்கண்ணா. காலையில நானே கோயமுத்தூர் போயிக் குடுத்துட்டு வந்தர்றேன்" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அண்ணன் இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டார். பாண்டி என்னைப் பார்த்தான். பிடுங்கியிருக்கலாம். பாட்டு எழுதியவர் அவர், வயதில் மூத்தவர். எங்களை ஒருநாளும் வா போ என்று பேசாதவர். அவர் கையில் இருந்து பிடுங்குகிற கை எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை.

மறுநாள் மத்தியானம் தாண்டியும் கேசட் கோயமுத்தூர் போகவில்லை. கேசட் கம்பெனிக்காரர் எங்களுக்காக வைத்திருந்த இடத்தில் ஒரு அம்மன் பாட்டுக் கேசட்டைப் போட்டுக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பாண்டி தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் திரும்பவே இல்லை. அங்கேயே ஒரு லாரி ஆபீஸில் சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. சலீம் சொந்தமாகப் பிரிண்டிங் டேபிள் போட்டான். பார்த்தால் நன்றாகப் பேசுவான், பாட்டைப் பற்றி மட்டும் பேச மாட்டான்.

தீபாவளி லீவு விடுகிற அன்று சாயங்காலம் அண்ணன் என் ரூமுக்கு வந்தார். கேசட்டைத் துண்டில் சுற்றியே வைத்திருந்தார். முகம் வாடியிருந்தது. "எம்மேல வருத்தமுங்களா தம்பி?" என்றார். நான் கட்டில் மேல் கிடந்த துணியை எடுத்து அவர் உட்கார இடம் விட்டேன். "நான் எல்லாருத்தையுங் கேட்டேன், உங்கள மட்டுங் கேக்கவே இல்லீங்க. லீவுல நீங்க ஒருக்காக் கேட்டுப் பாருங்க. உங்க கமென்ட் என்னன்னு சொல்லுங்க. தீவாளி கழிஞ்சு அதையும் மாத்திப் பதிஞ்சுக்கலாம்."

அப்போதும் மாற்றுவதைப் பற்றித்தான் பேசினார். வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஊரே காலி. மெஷின் சத்தம் இல்லாத திருப்பூரை வருடத்துக்கு ஒருமுறைதான் கேட்க முடியும். பக்கத்து ரூம்காரர்கள் எல்லாம் போய்விட்டார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு கேசட்டைப் போட்டேன். வானவில் துணி வந்தது. நிதான வேகத்தில் பாண்டி பாடினான். என் பாட்டு வந்தது. கரகரப்பு போகவே இல்லை. நல்லவேளை என்று நினைத்தேன். கடைசி வரை கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டில் பாதிகூட இல்லை. ஆனாலும் அது எங்கள் நாலு பேருடைய குரல். மிச்சம் இருப்பது அதுதான்.

உங்களுக்கு அந்தக் காலத்துக் கேசட் தெரியாது. அதன் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் ரெக்கார்டு பட்டன் அமுங்காது. அதன் மேல் வேறு எதையும் பதிய முடியாது. ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினால் மறுபடியும் பதியலாம்தான். அது எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும்.

மெஷினில் நூல் கோர்க்கிற ட்வீசரை எடுத்தேன். ஒரு பக்கத் தகட்டை நெம்பினேன். படக்கென்று தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போனது. இன்னொன்றையும் உடைத்தேன். கேசட்டைத் திரும்பப் போட்டு, ரெக்கார்டு பட்டனை விரலால் அமுக்கிப் பார்த்தேன். இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக அமுக்கிப் பார்த்தேன்.